ஒரு அறை, ஒரு கிழமை

2007 ஜனவரிக் கடைசியில் நோர்வேயின் வடக்கே, நூர்லாண்ட் மாகாணத்தில், ஸ்தைகென் என்ற சிறிய நகராட்சிக்கு மின்சாரம் கொண்டுபோகும் இரண்டு கம்பித்தொடர்களும் புயலில் செயலிழந்தன. ஏறக்குறைய ஆறு நாள் அங்கே கரண்ட் இல்லை. தொலைபேசியும் சேர்ந்து படுத்துவிட்டது. ஜனவரியில் அந்த அகலாங்கில் சூரியன் தலைகாட்டுவதே சில மணிநேரம்தான்.

நோர்வேயின் குடிமக்கள் பாதுகாப்பு இயக்ககமான டே.எஸ்.பே. 2024 வரை "மூன்று நாளைக்குச் சமாளிக்கத் தயாராக இருங்கள்" என்று சொல்லிவந்தது. அந்த ஆண்டு அதை ஒரு கிழமையாக நீட்டி, எல்லா வீடுகளுக்கும் கையேடு அனுப்பியது. பலர் அதை வாசித்தார்கள். சிலர் பட்டியலைப் பார்த்துக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி, ஒரு பெட்டியில் போட்டு, நிலவறையில் வைத்துவிட்டார்கள். பெட்டி இருக்கிறது. ஆனால் மறை 12 பாகையில் (-12 °C) மாலை ஐந்து மணிக்குக் கரண்ட் போனால், அந்தப் பெட்டியோடு எந்த அறையில் போய் இருப்பது என்று கேட்டால் பதில் வராது. ஆயத்தம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் நோர்வேயில் கரண்ட் போவது என்றால் வெளிச்சம் போவது மட்டுமல்ல. இங்கே பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தில்தான் சூடாகின்றன. சுவரில் மாட்டிய ஹீற்றர், தரைக்குக் கீழே ஓடும் சூட்டுக் கம்பி, வெளியே விசிறி சுழலும் வெப்பப் பம்பி, எல்லாம் ஒரே வயரில் தொங்குகின்றன. எண்ணெயில் வீடு சூடாக்குவது 2020 முதல் தடை. "எங்களுக்குத் தொலைவெப்பம் வருகிறது, பிரச்சினை இல்லை" என்று ஒஸ்லோத் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. சுடுநீர் தெருக் குழாயில் வந்தாலும், அதைக் கட்டடத்துக்குள் சுற்ற வைக்கும் பம்பி மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

அறையைத் தேர்வது

முழு வீட்டையும் சூடாக வைக்க முடியாது. அந்த ஆசையை முதல் மணிநேரத்திலேயே விட்டுவிட வேண்டும். ஒரு அறையை வைத்திருக்கலாம்.

விறகு அடுப்பு உள்ள அறை இருந்தால் கேள்வியே இல்லை, அதுதான். இல்லாவிட்டால் சிறியதாக, வெளிச்சுவர் ஒன்று மட்டும் உள்ளதாக, ஜன்னல் குறைந்ததாக, மேலும் கீழும் வேறு வீடுகள் இருப்பதாகப் பாருங்கள். பெரிய ஜன்னலோடு அழகாக இருக்கும் இருக்கையறை இந்த வேலைக்குப் பெரும்பாலும் சரிவராது. கதவை மூடி, கதவின் அடியில் துவாயைச் சுருட்டி வையுங்கள். கதவில்லாத திறந்த குசினி என்றால் வாசலில் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். இரவில் ஜன்னலுக்குத் திரைச்சீலையும் அதன்மேல் போர்வையும், பகலில் வெயில் விழுந்தால் திறப்பு. தரை குளிரை இழுக்கும். ஆகவே மெத்தைகளை அந்த அறைக்கு இழுத்துவந்து, அதற்கும் கீழே யோகாப் பாயோ காட்போட் மட்டையோ விரியுங்கள். மேலே எத்தனை போர்வை போட்டாலும் கீழே காப்பில்லாவிட்டால் முதுகு விறைக்கும். பிள்ளைகளின் முகாம் கூடாரம் வீட்டில் இருந்தால் அதை அறைக்குள்ளேயே விரித்து உள்ளே படுப்பது விளையாட்டல்ல. உடம்பின் சூட்டை அது சின்ன இடத்துக்குள் பிடித்துவைக்கும்.

சும்மா இருக்கும் மனிதர் ஒருவர் ஏறக்குறைய 80 முதல் 100 வாட் சூடு விடுகிறார். நான்கு பேர் ஒரு சிறிய அறையில் இருந்தால், ஒரு சின்ன ஹீற்றர் ஓடுவதுபோலத்தான். தேத்தண்ணீர் மெழுகுதிரி என்கிற அந்தச் சின்னத் திரி ஒன்று 30 முதல் 40 வாட். நாலு திரியைக் கொளுத்தி மண் பூச்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அறை சூடாகும் என்று காட்டும் காணொளிகள் குளிர்காலம் வந்தால் சுற்றும். சட்டி சூடாவது உண்மை. ஆனால் திரியில் உள்ள சக்தியைவிட ஒரு துளி கூடச் சட்டி தராது. கிடைப்பது ஒன்றரை ஆளின் உடம்புச் சூடு. கூடவே, உருகிய மெழுகு அளவுமீறிச் சூடாகி ஒரேயடியாகத் தீப்பற்றும் ஆபத்து.

உடுப்பில் கம்பளி. உள்ளாடை கம்பளியாக இருப்பதுதான் முக்கியம், மேலே போடும் யாக்கற் அல்ல. பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிர்விக்கும். கம்பளி ஈரமானாலும் சூட்டைக் கொஞ்சம் காக்கும். தலைக்குத் தொப்பி போட்டுப் படுங்கள். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். கைக்குழந்தையின் தொட்டிலில் மட்டும் போத்தல் வேண்டாம், முகத்தை மூடும் போர்வையும் வேண்டாம். குழந்தையை மெல்லிய கம்பளி இரண்டு மூன்று அடுக்காக உடுத்திப் பெரியவர் பக்கத்தில் வைத்திருப்பதே நல்லது.

நான்கு பேர் மூச்சுவிடும் மூடிய அறையில் ஈரம் சேரும். காற்றோட்ட இயந்திரமும் நின்றிருக்கும். ஜன்னலின் உட்புறம் தண்ணீர் வடியத் தொடங்கினால், ஐந்து நிமிடம் ஜன்னலை நன்றாகத் திறந்து மூடுங்கள். நாளுக்கு மூன்று நான்கு தடவை. சூடு போய்விடுமே என்று தயங்க வேண்டாம். போவது காற்றின் சூடு மட்டுமே, சுவரும் மெத்தையும் வைத்திருக்கும் சூடு அப்படியே இருக்கும்.

விறகு

நன்றாகக் காய்ந்த பேர்ச் விறகு ஒரு கிலோவில் சுமார் 4 கிலோவாட்மணி சக்தி உண்டு. நல்ல அடுப்பில் அதில் 3 அறைக்கு வரும். வெளியே மறை 10 என்றால், 15 சதுர மீற்றர் அறை ஒன்றைத் தாங்கக்கூடிய சூட்டில் வைக்க 1.5 கிலோவாட் வேண்டும் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 36 கிலோவாட்மணி, அதாவது 12 கிலோ விறகு. பெற்றோல் நிலையத்திலும் கட்டடப் பொருள் கடையிலும் விற்கும் 40 லீற்றர் சாக்கு ஒன்று ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். நாளுக்கு ஒரு சாக்கு. கிழமைக்கு ஏழு, ஒன்று மேலதிகமாக எட்டு. அழகுக்காக அடுப்புப் பக்கத்தில் அடுக்கிவைக்கிற பத்துத் துண்டு விறகு ஒரு மாலைக்குக்கூடக் காணாது.

விறகின் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்டால் காய்ந்தது, மந்தமாகக் கேட்டால் ஈரம். ஈர விறகு சூட்டில் ஒரு பங்கைத் தன் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே செலவழிக்கும். புகைபோக்கியில் தார் படியும். அந்தத் தார் ஒருநாள் தீப்பிடித்தால் புகைபோக்கி முழுவதும் உறுமிக்கொண்டு எரியும். புறக்கொட்டிலில் உள்ள விறகில் அடுத்த இரண்டு நாளுக்கானதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டுவது மேலிருந்து. பெரிய கட்டை இரண்டு அடியில், அதன்மேல் குறுக்கும் மறுக்குமாகச் சுள்ளி, உச்சியில் தீமூட்டி. காற்றுத் துவாரம் எல்லாம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். கீழிருந்து மூட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் மேலே எரியும் சுவாலை கீழிருந்து வரும் புகை வாயுவையும் சேர்த்து எரித்துவிடும், கண்ணாடி கறுக்காது. பல நாள் எரியாத அடுப்பென்றால் புகைபோக்கிக்குள் குளிர்காற்று கனமாக உட்கார்ந்திருக்கும், மூட்டியவுடன் புகை அறைக்குள் திரும்பும். அதற்கு முன்னால் பக்கத்து ஜன்னலைச் சற்றுத் திறந்து, கசக்கிய பத்திரிகைத் தாள் ஒன்றை அடுப்பின் மேற்பகுதியில் எரித்துக் குழாயைச் சூடாக்குங்கள். இரவில் காற்றை முழுவதும் அடைத்து "நின்று எரிய" விடுவது இங்கே பழைய பழக்கம். அது தாரையும் கார்பன் மொனொக்சைட்டையும்தான் உண்டாக்கும்.

சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வெளியே, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். தணல் சாம்பலுக்குள் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். காகிதப் பையில் போட்டு மரத்தாலான விறாந்தையில் வைப்பதால்தான் வீடுகள் எரிகின்றன.

புகைபோக்கி இல்லாத வீட்டுக்காரருக்கு என்ன வழி? ஒஸ்லோவின் குரூருட்டாலன் பகுதித் தொடர்மாடிகளில் நம்மவர் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளில் பெரும்பாலும் விறகு அடுப்பு இல்லை. கையேடே ஒரு வழி சொல்கிறது, வீட்டைவிட்டுப் போகவேண்டி வந்தால் யாரிடம் போவது என்று முன்னமே பேசி வையுங்கள் என்று. பட்டியலில் அதிகம் பேர் தாண்டிப்போகும் வரி அதுதான். காசு கொடுத்து வாங்க முடியாத ஒரே சாமானும் அதுதான். அடுப்புள்ள வீட்டில் இருக்கும் மச்சானிடமோ, பிள்ளையின் சிநேகிதர் வீட்டிலோ இப்போதே பேசுங்கள். அவர் வீட்டுக்கு நீங்கள் மூன்று சாக்கு விறகு வாங்கிப் போட்டு வைப்பது நியாயமான கொடுக்கல் வாங்கல்.

எரிவது எதுவானாலும்

குளிரால் சாவதைவிட வேகமாகக் கொல்வது கார்பன் மொனொக்சைட். மணமில்லை, நிறமில்லை. தலையிடி, ஓங்காளம், நித்திரை மயக்கம் என்று வரும், "களைப்பு" என்று நினைத்துப் படுப்பவர் எழும்புவதில்லை. கரி போட்டு எரிக்கும் கிறிலை வீட்டுக்குள்ளோ, கராச்சிலோ, கண்ணாடி அடைத்த பல்கனியிலோ கொளுத்தவே கூடாது. அணைந்ததுபோலத் தெரிகிற கரியைச் சூட்டுக்காக உள்ளே கொண்டுவருவது அதைவிட மோசம். பெற்றோல் ஜெனரேற்றரை வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி ஓட்டுங்கள். டீசல் காரை கராச்சில் நிறுத்திச் சூடேற்ற வேண்டாம். வெளியே நிறுத்தினாலும் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பற்றறியில் ஓடும் கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றை அந்த ஒற்றை அறையில் வையுங்கள். புகை அலாரம் அதைக் கண்டுபிடிக்காது, இரண்டும் வேறு வேறு.

மின்கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி. 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்குக் கிட்ட மின்கார்தான். புகை இல்லை, கராச்சுக்குள்ளேயே உட்கார்ந்து சூடாக்கலாம், தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றலாம். சில மாதிரிகளில் சாதாரண 230 வோல்ற் சொக்கற்றும் வரும். உங்கள் காரில் அது உண்டா, அதற்குத் தனி இணைப்புத் துண்டு வேண்டுமா என்று கரண்ட் இருக்கும்போதே பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்று காரை முழுதாக ஏற்றிவையுங்கள்.

காஸ் வாங்கும்போது வெளிக்குளிரை நினையுங்கள். மேசையில் வைக்கும் ஒற்றை அடுப்புக்கு வரும் நீள டப்பாக்களில் பலவற்றில் இருப்பது பியூட்டேன். அது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுக்கும். மறை 10இல் பல்கனியில் வைத்துத் திருகினால் சத்தம்கூட வராது, டப்பா பழுது என்று நினைத்து எறிந்துவிடுவீர்கள். புரொப்பேன் மறை 42 வரை ஆவியாகும். பல்கனியில் சமைப்பதென்றால் புரொப்பேன், அல்லது குளிர்காலக் கலவை என்று எழுதிய டப்பா. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதனால்தான் நிலவறையிலும் மேல்மாட அறையிலும் அதை வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டில் வைக்கக்கூடிய உச்ச அளவு 55 லீற்றர், அதாவது 11 கிலோ உருளை இரண்டு.

சிவப்பு ஸ்பிரிற்றில் எரியும் திராங்கியா அடுப்பு இங்கே மலையேறுபவர் எல்லோரிடமும் இருக்கும். குளிரில் ஸ்பிரிற் பற்றத் தயங்கும், போத்தலை யாக்கற்றுக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு ஊற்றுங்கள். அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரிகிற பேணிக்குள் மேலும் ஊற்றுவதுதான் வழக்கமான விபத்து. பேணி கையால் தொடுமளவு ஆறும்வரை பொறுங்கள்.

நோர்வேயில் ஒவ்வொரு வீட்டிலும் புகை அலாரமும் தீயணைக்கும் சாதனமும் இருக்க வேண்டியது சட்டம். பல தொடர்மாடிகளில் அந்தச் சாதனம் குசினிச் சிங்கின் கீழே சுருட்டிய தண்ணீர்க் குழாய். தண்ணீர் அழுத்தம் போய்விட்ட நாளில் அது வெறும் ரப்பர். 6 கிலோ தூள் அணைப்பான் ஒன்று தனியாக வாங்கி அறை வாசலில் வையுங்கள்.

அரிசிச் சாக்கின் மயக்கம்

டே.எஸ்.பே. பட்டியல் சொல்வது சமைக்காமல் சாப்பிடக்கூடிய, அறை வெப்பத்தில் கெடாத உணவு. மொறுமொறு பாண், ரின் மீன், ஓட்ஸ், பழவகை. தமிழ் வீட்டில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். 10 கிலோ அரிசி, 5 கிலோ பருப்பு, மா, தேங்காய்ப்பால், ஒரு வருடத்துக்கு நாம் தாங்குவோம் என்று. அரிசி இருக்கிறது, உண்மை. ஆனால் அது தண்ணீரும் நெருப்பும் கேட்கும்.

நான்கு பேர், நாளுக்கு இரண்டு நேரம் சோறு என்றால் ஏறக்குறைய 800 கிராம் அரிசி. வேக 2 லீற்றர், கழுவ இரண்டு தண்ணியில் 2 முதல் 3 லீற்றர். நான்கு பேருக்கு நாளுக்கு 12 லீற்றர் என்று சேமித்த தண்ணீரில் சோறு மட்டுமே 4, 5 லீற்றரை விழுங்கிவிடும். சட்டி கழுவுவது இன்னும் கணக்கில் வரவில்லை. கறிச்சட்டியின் எண்ணெயைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவிப் பார்த்தவருக்கு மிச்சம் தெரியும்.

ஆகவே அலுமாரியில் வேறு சிலதும் வேண்டும். அவல் முதலாவது. குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம், சீனியும் பால்மாவும், சாப்பாடு முடிந்தது. வறுத்த மா, எள்ளுருண்டை, கச்சான், பேரீச்சம்பழம், பொரித்த கடலை. ரின் மீன் திறந்து வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் போட்டால் பாணுக்குச் சரி. பருப்பில் மைசூர்ப் பருப்பைத் தெரிவுசெய்யுங்கள், பதினைந்து நிமிடத்தில் கரையும். கொண்டைக்கடலை இரவு முழுக்க ஊறி, ஒரு மணிநேரம் காஸையும் குடிக்கும். அது வேண்டுமென்றால் ரின்னில் வெந்ததாக வாங்குங்கள். தகரம் திறக்கும் கைக்கருவியை மறக்க வேண்டாம்.

சோறு வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிரில் சூடான சோற்றுக்கு ஈடில்லை. சமைக்கும் முறையை மாற்ற வேண்டும். அரிசியை அரை மணிநேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரிலேயே கொதிக்கவிடுங்கள். நன்றாகக் கொதித்து ஐந்து நிமிடம் ஆனதும் மூடியை இறுக்கி அடுப்பிலிருந்து இறக்கி, துவாயில் சுற்றி, படுக்கைப் பைக்குள் புதைத்துவிடுங்கள். நாற்பது நிமிடத்தில் சோறு பதமாக இருக்கும், எரிபொருள் பாதிக்குமேல் மிச்சம். நோர்வேயின் பழைய வீடுகளில் இதையே வைக்கோல் நிரப்பிய பெட்டியில் செய்தார்கள். ஒன்று கவனம், அதைப் பல மணிநேரம் இளஞ்சூட்டில் விட்டுவைத்துச் சாப்பிட வேண்டாம். சோற்றில் வளரும் கிருமிக்கு அந்தச் சூடு மிகப் பிடிக்கும். பிறஷர் குக்கர் இருந்தால் பருப்பும் உருளைக்கிழங்கும் அதில்தான்.

230 கிராம் காஸ் டப்பா ஒன்று காற்று வீசாத இடத்தில் 12 லீற்றர் அளவு தண்ணீரைக் கொதிக்கவைக்கும். சிக்கனமாகச் சமைக்கும் நால்வர் குடும்பத்துக்கு இரண்டு நாளுக்கு ஒன்று. கிழமைக்கு நான்கு வாங்குங்கள்.

குளிரூட்டியில் உள்ளதை முதலில் சாப்பிடுங்கள். நிரம்பிய உறைபெட்டியைத் திறக்காமல் விட்டால் இரண்டு நாள் தாங்கும். வெளியே குளிர்தானே என்று இறைச்சியைப் பல்கனியில் வைப்பவர்கள் மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். பகலில் வெயில் பட்டால் உருகும், இரவில் நரி வரும்.

தண்ணீர்

ஆளுக்கு 20 லீற்றர் என்பது பரிந்துரை, நாளுக்கு மூன்று லீற்றர் குடிக்கவும் சமைக்கவும். நால்வர் வீட்டுக்கு 80 லீற்றர், எட்டுப் 10 லீற்றர்க் கான். 25 லீற்றர்க் கான் மலிவுதான், ஆனால் நிரம்பியதை வயதானவரால் தூக்கிச் சாய்க்க முடியாது. உணவுக்கு ஏற்ற பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரைத் தண்ணென்று வரும்வரை ஓடவிட்டுப் பிடியுங்கள், இருட்டான இடத்தில் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உறையக்கூடிய இடத்தில் வைப்பதென்றால் பத்தில் ஒரு பங்கு வெற்றிடம் விடுங்கள். இல்லாவிட்டால் கான் வெடிக்கும்.

கிணற்று நீரை நம்பிய கிராமத்து வீட்டில் கரண்ட் போனவுடன் பம்பி நிற்கும், குழாயில் மிச்சமிருப்பது சில லீற்றர். உயர்ந்த தொடர்மாடியில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பிக்கும் அதே கதி. நகராட்சி நீர் வந்துகொண்டிருந்தாலும் முதல் வேலையாகக் குளியல் தொட்டி, வாளி, பெரிய சட்டி எல்லாவற்றையும் நிரப்புங்கள், ரொயிலெற்றுக்கு உதவும். ரொயிலெற்றில் ஒரே மூச்சாக வாளித் தண்ணீரை ஊற்றினால்தான் இழுக்கும். கழிவுநீரைப் பம்பியால் தள்ளும் இடங்களில் அப்படி ஊற்றுவதையும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்மாடிக்காரர் வீட்டில் அது மேலே வரும். அப்போது கோப்பைக்குள் இரட்டைக் குப்பைப்பை, அதில் பூனை மணல் அல்லது மரத்தூள், கட்டி வெளியே.

வீட்டுக்குள்ளேயே பலர் மறந்துவிடும் தண்ணீர் ஒன்று உண்டு, சுடுநீர்த் தாங்கி. நோர்வே வீட்டில் சாதாரணமாக அது 200 லீற்றர் கொள்ளும், சுமார் 75 பாகையில். கரண்ட் போன முதல் நாள் அழுத்தம் இருக்கும்வரை குழாயைத் திறந்தாலே சுடுநீர் வரும். சுடுநீர்ப் போத்தல்களை அங்கேயே நிரப்பலாம், காஸ் மிச்சம். அழுத்தம் போனபின் எடுப்பதற்கு ஒழுங்கு உண்டு. முதலில் அதன் பியூஸைக் கீழே தள்ளுங்கள். பிறகு குளிர்நீர் வரும் வால்வை மூடி, மேலே ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து காற்று உள்ளே போக விட்டு, அடியில் உள்ள வடிகுழாயால் எடுங்கள். கை வெந்துபோகும், பார்த்து. பியூஸைத் தள்ள மறந்து தாங்கி காலியான நேரத்தில் கரண்ட் வந்தால் உள்ளே சூடேற்றும் கம்பி கருகிவிடும். இந்தத் தண்ணீர் கழுவவும் துடைக்கவும். குடிப்பதற்குக் கான்தான்.

பனியை உருக்குவது நினைப்பதைவிடச் செலவு. பொலபொலவென்று விழுந்த புதுப்பனி பத்து லீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர்தான். பூச்சியப் பாகையில் உள்ள ஒரு கிலோ பனியை உருக்கமட்டும் போகும் சூடு, அந்த நீரைப் பின்னர் கொதிக்கவைக்கத் தேவையான சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு. சட்டி அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைப் போடுங்கள், வெறும் பனி அடியில் தீய்ந்து நாறும். குடிப்பதானால் தளதளவென்று கொதிக்க வேண்டும். விறகு அடுப்பு எரியும் வீட்டில் அதன்மேல் ஒரு சட்டி எப்போதும் இருக்கட்டும்.

பழைய றேடியோ

நம் வீடுகளில் சமையலறை மூலையில் ஒரு பழைய பற்றறி றேடியோ இருக்கும், அவசரத்துக்கு இது போதும் என்று வைத்திருப்பார்கள். போதாது. நோர்வே 2017இல் நாடு தழுவிய வானொலிகளை எஃப்.எம். அலையிலிருந்து எடுத்து டாப் (DAB) என்ற டிஜிற்றல் முறைக்கு மாற்றிவிட்டது, உலகில் இதைச் செய்த முதல் நாடு. அவசர அறிவித்தல் வரும் அரச வானொலியான என்.ஆர்.கோ. பே-1 (NRK P1) அந்த றேடியோவில் வராது. பற்றறியிலோ கையால் சுழற்றியோ ஓடும் டாப் றேடியோ வாங்குங்கள். டாப் கருவி பற்றறியை வேகமாகத் தின்னும், ஆகவே ஓயாமல் போட்டுவைக்காமல் மணிநேரத்துக்கு ஒருமுறை செய்தி நேரத்தில் மட்டும் போடுங்கள். பழைய காரில் டாப் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைத்தொலைபேசிக் கோபுரங்களில் பலவற்றின் துணைப் பற்றறி சில மணிநேரத்துக்கே. 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள அவசர எச்சரிக்கை தொலைபேசியை ஒலியடக்கி வைத்திருந்தாலும் உரக்கக் கத்தும், ஆனால் கோபுரம் உயிரோடு இருக்க வேண்டும். ஜனவரியிலும் ஜூனிலும் இரண்டாவது புதன்கிழமை மதியம் 12 மணிக்கு அதையும் தெருச் சங்கையும் பரிசோதிப்பார்கள். சங்கு ஒரு நிமிட இடைவெளியோடு மூன்று தொடராக ஒலித்தால் "முக்கிய செய்தி, வானொலியைக் கேளுங்கள்" என்பது பொருள். தீக்கு 110, பொலிசுக்கு 112, அம்புலன்சுக்கு 113. இவற்றையும் உறவினர் எண்களையும் தாளில் எழுதி ஒட்டுங்கள். மனைவியின் நம்பரைக்கூட மனப்பாடமாகத் தெரியாதவர்கள்தான் இன்று அதிகம்.

பவர்பாங்க் என்கிற மின்சேமிப்பியைக் குளிரில் வைக்க வேண்டாம், உறைநிலைக்குக் கீழே லித்தியம் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றினால் அது நிரந்தரமாகக் கெடும். தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று. கைகள் சும்மா இருக்கும், மெழுகுதிரியும் தேவைப்படாது.

காசு, மருந்து

சிறு நோட்டாகக் கொஞ்சம் காசு, வெவ்வேறு வங்கியின் அட்டை இரண்டு. தொலைபேசிக்குள் இருக்கும் அட்டையைமட்டும் நம்ப வேண்டாம், பிளாஸ்ரிக் அட்டையும் அதன் இரகசிய இலக்கமும் வேண்டும்.

அணு விபத்துக்கான அயோடின் மாத்திரை மருந்துக்கடையில் வைத்தியரின் துண்டில்லாமல் கிடைக்கும். பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 40 வயதுக்கு உட்பட்ட பெரியவர்கள் ஆகியோருக்கே அது. அதிகாரிகள் சொன்னால் மட்டும் விழுங்க வேண்டும், முன்கூட்டியே அல்ல.

இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால் குளிரூட்டி நிற்பது பெரிய சிக்கலல்ல, உறைவதுதான் சிக்கல். பாவனையிலுள்ள பேனா பெரும்பாலும் நான்கு கிழமைவரை அறை வெப்பத்தில் நிற்கும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். "குளிர்தானே" என்று ஜன்னல் விளிம்பிலோ பல்கனியிலோ வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால் உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும் அதை எறிய வேண்டியதுதான். இரவில் அதைப் படுக்கும் அறையிலேயே, உட்சுவர்ப் பக்கமாக வையுங்கள்.

வீட்டைவிட்டுப் போனால், கரண்ட் வந்தால்

மற்ற அறைகள் உறைநிலையை நெருங்கினாலோ, வீட்டைவிட்டுப் போவதென்றாலோ குழாய்களைக் கவனியுங்கள். முதலில் உறைவது வெளிச்சுவரோடு ஓடும் குழாய், குசினிச் சிங்கின் பின்னால், கராச்சில், வீட்டின் அடியில். அலுமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டால் கொஞ்சம் தாங்கும். போவதென்றால் வீட்டின் பிரதான வால்வை மூடி, மேல்மாடியிலும் அடிமாடியிலும் எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிட்டு, ரொயிலெற்றை ஒருதரம் இழுத்து, சிங்கின் வளைகுழாய்களில் நல்ல உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது, கையால் திரும்புகிறதா என்று இன்றைக்கே ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். பத்து வருடம் தொடாத வால்வு அவசரத்தில் அசையாது. உறைந்து வெடித்த குழாய் உறைந்திருக்கும்வரை ஒரு சொட்டும் ஒழுகாது. உருகும்போதுதான் தெரியும், அப்போது வீட்டில் ஆளிருக்க வேண்டும்.

கரண்ட் போனவுடனேயே அடுப்புத் தட்டுகள், இஸ்திரிப்பெட்டி, ஹீற்றர்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஒரு விளக்கின் சுவிச்சை மட்டும் போட்டு விடுங்கள். அது எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது. முழுக் கிராமத்தின் குளிர்ந்த ஹீற்றர்களும் ஒரே நொடியில் இழுத்தால் கம்பி மறுபடி விழும். ஆகவே ஒவ்வொன்றாக, பத்து இருபது நிமிட இடைவெளியில் போடுங்கள். சுடுநீர்த் தாங்கியின் பியூஸ் கடைசியில், தாங்கி நிரம்பிக் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் ஒழுங்காக வந்தபிறகு. பிரதான வால்வைக் காற்பங்கு மட்டும் திறந்துவிட்டு வீட்டை ஒருமுறை சுற்றிவந்து காதுகொடுத்துக் கேளுங்கள். எங்கேயும் சீறும் சத்தமில்லை என்றால் முழுதாகத் திறக்கலாம்.

12 மணிநேரத்துக்குமேல் கரண்ட் இல்லாதிருந்தால் மின்வலைக் கம்பனியிடம் இழப்பீடு கேட்கலாம். போன நேரமும் வந்த நேரமும் ஒரு தாளில் இருக்கட்டும். கான்களைத் திரும்ப நிரப்பும்போது திகதியை அதன்மேல் எழுதிவிடுங்கள்.